பதக்கம் இல்லாத ஆண்டுகள்

தேர்ந்த வீராங்கனை ஒருவர் 200 மீட்டர் தூரத்தை ஓடிக் கடக்க ஏறத்தாழ 23 வினாடி போதும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் சாந்தி பெரேரா அந்தத் தூரத்தை 23.03 வினாடியில் கடந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டியின் திடல்தடப் பிரிவில் சிங்கப்பூர் கடைசியாகத் தங்கம் வென்றது 1974ஆம் ஆண்டில். இடையில் 49 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆகவே, அந்த வெற்றியை நாடே கொண்டாடியதில் வியப்பில்லை.

அந்த 23 வினாடியைப் பற்றிப் பலரும் எழுதினார்கள், பேசினார்கள். அதற்கு முந்திய சில ஆண்டுகளைப் பற்றிப் பேசியவர்கள் அவ்வளவு இல்லை. ஆனால், விளையாட்டு வீரர்களின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள விரும்புவோர் அந்த ஆண்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2015ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அப்போது சாந்திக்கு 18 வயது. சொந்த மண்ணில் 200 மீட்டர் ஓட்டத்தில் அவர் தங்கம் வென்றார். 1973இல் குளோரி பர்னபாஸ் வென்ற பிறகு அந்த ஓட்டத்தில் சிங்கப்பூர்ப் பெண் ஒருவர் தங்கம் வென்றது அதுவே முதல் முறை. இனி அவருக்கு ஏறுமுகம்தான் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். நடந்தது வேறு. பின்தொடைத் தசையில் காயங்கள் வந்தன. 2017இலும் 2019இலும் நடந்த தென்கிழக்காசியப் போட்டிகளில் தங்கம் கிடைக்கவில்லை. விளையாட்டு வீரர்களுக்கு வழங்கப்படும் உபகாரச் சம்பளத்தையும் அவர் இழந்தார். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் படிப்பு ஒரு பக்கம், குணமாகாத தசை ஒரு பக்கம் என்று காலம் சென்றது. 2022ஆம் ஆண்டு மே மாதம் ஹனோய் நகரில்தான் அவர் மீண்டும் தென்கிழக்காசியத் தங்கத்தைத் தொட்டார். இரண்டு தங்கங்களுக்கும் இடையே 7 ஆண்டுகள்.

அந்த 7 ஆண்டுகளில் அவர் ஓட்டத்தைக் கைவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். பட்டதாரி, இளவயது, நல்ல வேலை கிடைத்திருக்கும். ஹாங்சோ தங்கம் மட்டும் கிடைத்திருக்காது. அப்படி ஒரு தங்கம் கைநழுவிப் போனது என்றுகூட யாருக்கும் தெரிந்திருக்காது. இங்குதான் சிக்கலே இருக்கிறது. பதக்கம் வென்ற வீரர்களை எண்ணிவிடலாம். உதவி இல்லாமல் பாதியில் நின்றுபோனவர்களை எண்ணுவதற்கு எந்தப் பட்டியலும் இல்லை.

உயர்மட்ட விளையாட்டு வீரர் என்றால் பலருடைய மனத்தில் தோன்றும் படம், காலையிலும் மாலையிலும் பயிற்சி செய்யும் ஒருவர் என்பதுதான். உண்மையில் பயிற்சி என்பது அவருடைய நாளில் ஒரு பகுதியே. மீதி நேரம் அந்தப் பயிற்சியை உடல் தாங்குவதற்காகவே செலவாகிறது. பயிற்சி முடிந்த சிறிது நேரத்திற்குள் புரதமும் மாவுச்சத்தும் உள்ள உணவு வேண்டும். அந்த நேரத்தில் திடலுக்கு அருகில் இருக்கும் உணவங்காடி நிலையத்தில் என்ன கிடைக்கும்? வறுத்த மீயும் எண்ணெய் மிதக்கும் கறியும் கிடைக்கும். அவற்றை உண்பது பாவம் அன்று. ஆனால், நாள்தோறும் அதையே உண்டு ஆசிய அளவில் போட்டியிட முடியாது. ஆகவே, யாரோ ஒருவர் வீட்டில் சமைத்து, டப்பாவில் அடைத்துக் கொடுத்தனுப்ப வேண்டும். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கிறார். அதிகாலைப் பயிற்சிக்குப் பிள்ளை 5 மணிக்கு எழுந்தால் அவர் 4 மணிக்கே எழுந்துவிடுவார். பதக்க மேடையில் அவருக்கு இடமில்லை.

பிறகு இயன்முறை சிகிச்சை. சாதாரண மனிதருக்குக் கால் வலித்தால் இரண்டு நாள் ஓய்வெடுப்பார், தைலம் தேய்ப்பார். ஓட்டக்காரருக்கு அந்த வலி சாதாரணக் களைப்பா, தசைநார் கிழியப்போவதன் அறிகுறியா என்று அன்றே தெரிய வேண்டும். தெரியாமல் மறுநாள் ஓடினால் ஓர் ஆண்டே வீணாகலாம். அதைக் கண்டறியத் தேர்ந்த கண்ணும் கையும் வேண்டும். அவற்றுக்குக் கட்டணம் உண்டு. தனியார் சிகிச்சை நிலையத்திற்கு வாரம் இருமுறை சென்றால் மாத முடிவில் அந்தத் தொகை ஒரு மாணவரால் தாங்கக்கூடியதாக இருக்காது. ஓடுவதற்கு ஒரு சோடி காலணி இருந்தால் போதும், அது செலவில்லாத விளையாட்டு என்று சொல்வோர் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொரு சுமையும் இருக்கிறது. வெளியில் இருப்பவர்களில் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். அனைத்துலக அளவில் போட்டியிடும் முன்னணி வீரர்கள் ஊக்கமருந்துச் சோதனைக்காகத் தங்கள் இருப்பிட விவரத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். எந்த வீட்டில் உறங்குகிறார், எந்தத் திடலில் பயிற்சி செய்கிறார் என்பதோடு, ஒவ்வொரு நாளும் 60 நிமிட நேரத்தைக் குறிப்பிட்டு, அந்த நேரத்தில் கட்டாயம் இன்ன இடத்தில் இருப்பேன் என்றும் தெரிவிக்க வேண்டும். சோதனை அதிகாரி எந்த நாளில் வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம். 12 மாதங்களுக்குள் மூன்று முறை தவறினால், ஊக்கமருந்தே உட்கொள்ளாதவராக இருந்தாலும் தடை விதிக்கப்படலாம். தோழியின் பிறந்தநாளுக்குப் போய் இரவு அங்கேயே தங்கிவிட்டால், அதையும் பதிவேட்டில் மாற்ற வேண்டும். இது மறதிக்காரர்களுக்கு ஏற்ற வாழ்க்கை அன்று.

சளி பிடித்தால்கூடக் கவனம் தேவை. மூக்கடைப்புக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் என்ற மருந்து இருக்கிறது. போட்டிக் காலத்தில் அது ஓர் அளவுக்குமேல் உடலில் இருந்தால் குற்றமாகும். “எனக்குத் தெரியாது, மருந்துக்கடையில் கொடுத்தார்கள்” என்று சொல்லித் தப்ப முடியாது. உடலுக்குள் போகும் ஒவ்வொன்றுக்கும் வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. ஆகவே, தும்மல் வந்தாலும் கேட்டுத் தெளிய ஒரு மருத்துவரின் தொலைபேசி எண் கையில் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் படிப்பு இருக்கிறது, தேர்வு இருக்கிறது, வேலை இருக்கிறது. ஆண்களுக்குத் தேசிய சேவையும் இருக்கிறது.

இதைக் கேட்கும் மூத்தவர்கள் சிலர், “எங்கள் காலத்தில் இவையெல்லாம் இருந்தனவா? அப்போது ஓடவில்லையா?” என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்வியை ஒதுக்கிவிடக்கூடாது. 1966ஆம் ஆண்டு பேங்காக் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ஆண்களுக்கான 100 மீட்டர் ஓட்டத்தில் இரண்டு தமிழர்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எல்லைக்கோட்டைத் தொட்டனர். ஒருவர் மலேசியாவின் மணி ஜெகதீசன். மற்றவர் சிங்கப்பூரின் கனகசபை குணாளன். தங்கம் ஜெகதீசனுக்கும் வெள்ளி குணாளனுக்கும் கிடைத்தன. ஜெகதீசன் சிங்கப்பூரில் மருத்துவம் படித்தவர். படிப்புக்கு நடுவே ஓடி, அந்த ஒரே போட்டியில் மூன்று தங்கம் வென்றார். “பறக்கும் மருத்துவர்” என்ற பெயர் அவருக்கு அதனால்தான் வந்தது. குணாளன் பள்ளி ஆசிரியர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக் போட்டியில் 100 மீட்டரை அவர் 10.38 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 33 ஆண்டுகள் ஆயின. அதே ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் ஜெகதீசன் படைத்த 20.92 வினாடி என்ற மலேசியச் சாதனையோ 2017 வரை நின்றது. முன்னர்க் குறிப்பிட்ட குளோரி பர்னபாஸும் ஆசிரியர்தான்.

இவர்கள் வகுப்பு முடிந்து, மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தி, மருத்துவமனை வகுப்புகளுக்குப் போய், மிச்சமிருந்த நேரத்தில் ஓடினார்கள். அவர்களுடைய ஒழுக்கத்திற்கு ஈடு இணை இல்லை. ஆனால், அந்தக் காலத்தில் அவர்களுக்குப் பக்கத்துத் தடத்தில் ஓடியவர்களில் பலரும் அப்படித்தான் இருந்தார்கள். ஒலிம்பிக் போட்டியில் விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள் பங்கேற்கக்கூடாது என்ற விதியே அன்று இருந்தது. இன்று அந்த விதி இல்லை. இன்று பக்கத்துத் தடத்தில் நிற்பவர் காலை முதல் இரவு வரை அந்த ஒரு வேலையை மட்டுமே செய்கிறவர். அவருக்குப் பின்னால் ஊட்டச்சத்து வல்லுநரும் சிகிச்சையாளரும் உளவியலாளரும் நிற்கிறார்கள். மாலையில் மட்டும் ஓடும் ஒருவர் அவரோடு போட்டியிடுவது, மிதிவண்டியில் ஏறிக்கொண்டு பெருவிரைவு ரயிலைத் துரத்துவது போன்றது.

மூத்தவர்களின் கேள்வியில் இன்னோர் உண்மையும் மறைந்திருக்கிறது. அதை அவர்களே கவனிப்பதில்லை. அன்றைய வீரர்களுக்கு ஆதரவு குறைவாக இருந்தது; ஆனால், கையில் ஒரு தொழில் இருந்தது. ஓட்டம் முடிந்ததும் ஜெகதீசன் மருத்துவத் துறையில் உயர்ந்தார். குணாளன் ஆசிரியர்களையே உருவாக்கும் விரிவுரையாளர் ஆனார். இன்றைய வீரருக்கு ஆதரவு கூடியிருக்கிறது. ஆனால், 30 வயதையொட்டி ஓட்டம் நிற்கும்போது தொழில் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாமல் போகக்கூடும். அவருடன் படித்தவர்கள் அதற்குள் பத்தாண்டு அனுபவம் பெற்றிருப்பார்கள். மாதந்தோறும் அவர்களுடைய மத்திய சேமநிதிக் கணக்கில் பணம் சேர்ந்திருக்கும். வீடு வாங்கப் பதிவு செய்திருப்பார்கள். பயிற்சிக்காக வேலையைத் தள்ளிப்போட்டவர் அப்போதுதான் முதல் நேர்முகத் தேர்வுக்குப் போவார். “இத்தனை ஆண்டுகள் என்ன செய்தீர்கள்?” என்று அங்கே கேட்பார்கள்.

சிங்கப்பூர் இதை உணராமல் இல்லை. 2004இல் உட்லண்ட்சில் சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளி திறக்கப்பட்டது. பயிற்சிக்கும் போட்டிக்கும் ஏற்பப் பாட நேரத்தை வளைத்துக்கொள்வது அந்தப் பள்ளியின் சிறப்பு. பினாங்கில் பிறந்த பூப்பந்து வீரர் லோ கியன் யூ அங்குப் படித்தவர்தான். 2013ஆம் ஆண்டுமுதல் ‘ஸ்பெக்ஸ்’ என்று அழைக்கப்படும் உபகாரச் சம்பளம் தேர்ந்த வீரர்களுக்கு வழங்கப்படுகிறது. முழுநேரமாகப் பயிற்சி செய்வதற்கு வேண்டிய பணமும் பிற உதவிகளும் அதன்வழி கிடைக்கின்றன. பயிற்சிக்கு ஏற்ற நேரத்தில் வேலை பார்க்க வீரர்களை அனுமதிக்கும் நிறுவனங்களும் உள்ளன. நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் தேசிய சேவையைத் தள்ளிப்போட அனுமதிக்கப்பட்டார். 2016இல் ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணியில் அவர் 50.39 வினாடியில் நீந்தி நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். 2022இல் தம் தேசிய சேவையைத் தொடங்கினார். அந்த ஒத்திவைப்பு இல்லாமல் அந்தத் தங்கம் கிடைத்திருக்கும் என்று நம்புவது கடினம்.

எனினும், ஸ்கூலிங்கின் கதையை முழுமையாகச் சொல்ல வேண்டும். அவர் 2009இலேயே அமெரிக்காவுக்குச் சென்று பயின்றார். தொடக்க ஆண்டுகளில் பெரும் பாரத்தைச் சுமந்தவர்கள் அவருடைய பெற்றோர். மகனை அயல்நாட்டுக்கு அனுப்பக்கூடிய நிலை அவர்களுக்கு இருந்தது. ஒலிம்பிக் தங்கத்துக்கான 10 லட்சம் வெள்ளி பரிசு, வென்ற பிறகுதான் வந்தது. அதே அளவு திறமையுள்ள ஒரு பிள்ளை, அந்தச் செலவை நினைத்துப் பார்க்கவும் முடியாத வீட்டில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தீவின் ஏதோ ஒரு பொது நீச்சல் குளத்தில் அப்படி ஒருவர் நீந்திக்கொண்டிருக்கலாம்.

வெற்றிக்குப் பிறகு வரும் பரிசு மகிழ்ச்சி தரும். ஆனால், அதை வைத்துக்கொண்டு ஒரு வீரர் தம் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. லோ கியன் யூவின் அனுபவத்தையே பார்க்கலாம். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்பெயினின் உவெல்வா நகரில் அவர் உலகப் பூப்பந்து வெற்றியாளர் ஆனார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் சிங்கப்பூரர் அவர். அதற்கு அனைத்துலகச் சங்கம் தரும் பரிசுத்தொகை எவ்வளவு தெரியுமா? எதுவும் இல்லை. உலக வெற்றியாளர் போட்டிக்குப் பரிசுப் பணம் கிடையாது. செய்தி தெரிந்ததும் பலர் வியந்தார்கள்.

உடற்குறையுள்ள வீரர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினமானது. நீச்சல் வீராங்கனை இப் பின் சியூ 2008 தொடங்கி 2024 வரை பாராலிம்பிக் போட்டிகளில் 7 தங்கம் வென்றிருக்கிறார். பாராலிம்பிக் தங்கத்துக்குக் கிடைக்கும் பரிசு பல ஆண்டுகளாக ஒலிம்பிக் தங்கத்துக்கு உரியதைவிட மிகக் குறைவாகவே இருந்து, பின்னர்தான் சற்று உயர்ந்தது. பரிசை விடுங்கள். சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் குளத்துக்கு வந்து சேர்வதற்கே போக்குவரத்து வேண்டும்; உடன் வர ஆள் வேண்டும். அவருக்குப் பயிற்சி தொடங்குவது வீட்டு வாசலில்.

இப்போது முதன்மையான கேள்விக்கு வரலாம். உபகாரச் சம்பளம் ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யப்படுகிறது. வீரரின் முன்னேற்றமும் முடிவுகளும் பார்க்கப்படுகின்றன. எதிர்பார்த்தபடி இல்லாவிட்டால் ஆதரவு நிறுத்தப்படலாம். இந்த முறையை ஆதரிப்போர் சொல்லும் காரணம் நியாயமானது. இது பொதுமக்களின் வரிப்பணம். ஒருவருக்கே தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தால், அடுத்து வரும் இளையவருக்கு எதைக் கொடுப்பது? விளையாட்டில் முடிவுகளைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? பள்ளியில்கூட மதிப்பெண் குறைந்தால் உபகாரச் சம்பளம் பறிபோகிறதே!

ஆனால், மதிப்பெண் குறைந்த மாணவருக்கும் காயம்பட்ட ஓட்டக்காரருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மாணவர் அடுத்த தேர்வில் முயன்று படிக்கலாம். காயம்பட்டவருக்கு முயற்சியே தீங்காக முடியும். அவர் செய்ய வேண்டியது ஓய்வும் சிகிச்சையும். அந்தச் சிகிச்சைக்கு வேண்டிய பணமும் ஆளும்தான் ஆதரவோடு சேர்ந்து கைவிட்டுப் போகின்றன. உடல் நலமாக இருக்கும்போது சிகிச்சையாளரைக் கொடுத்து, நலம் கெட்டபோது அவரைத் திரும்பப் பெற்றுக்கொள்வது, வெயிலில் குடையைக் கொடுத்து மழையில் பிடுங்கிக்கொள்வதற்கு ஒப்பாகும். ஆதரவு போய்விடும் என்ற அச்சத்தில் வலியை மறைத்துக்கொண்டு ஓடும் வீரர்களும் உருவாகலாம். அது இன்னும் மோசம். இரண்டு வாரத்தில் ஆறக்கூடிய காயம் இரண்டு ஆண்டுக் காயமாகிவிடும்.

காயத்திலிருந்து மீள முடியுமா என்று ஐயப்படுவோர் மலேசியாவின் சிவசங்கரி சுப்பிரமணியத்தை நினைத்துப் பார்க்கலாம். சுவர்ப்பந்து வீராங்கனையான அவர் 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் கார் விபத்தில் சிக்கினார். தலையிலும் கழுத்திலும் கடுமையான காயம். சில வாரங்களில் நடக்கவிருந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் அவரால் கலந்துகொள்ள முடியவில்லை. அந்த நேரத்தில் அவருடைய முடிவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் அது வெற்றுத் தாளாகத்தான் இருந்திருக்கும். அடுத்த ஆண்டே ஹாங்சோவில் தனிநபர் பிரிவில் அவர் ஆசியத் தங்கம் வென்றார். 2024இல் லண்டனில் உலகின் முன்னணி வீராங்கனைகள் மோதிய பெரும் போட்டி ஒன்றிலும் வாகை சூடினார். இத்தகைய மீட்சி மன உறுதியால் மட்டும் வருவதில்லை. எலும்பு கூடுவதற்கு மருத்துவர்களும், கழுத்தைத் திருப்பக் கற்றுக்கொடுக்கச் சிகிச்சையாளர்களும், அவசரப்படாதே என்று சொல்ல ஒரு பயிற்றுவிப்பாளரும் தேவை.

ஆகவே, உதவியை ஒரேயடியாகத் தொடரவும் வேண்டாம். ஒரேயடியாக வெட்டவும் வேண்டாம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே நல்லது. மாதாந்தரப் பணம் முடிவுகளைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். அதில் பெரிய குறை காண முடியாது. ஆனால், மருத்துவமும் சிகிச்சையும் அப்படி இருக்கக்கூடாது. நாட்டுக்காகப் போட்டியிட்டபோது ஏற்பட்ட காயம் குணமாகும்வரை, அல்லது குறைந்தது இரண்டு ஆண்டுகள்வரை, அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். பட்டியலிலிருந்து ஒருவரை நீக்குவதானால், ஒரு கடிதத்தோடு முடித்துவிடாமல், ஓர் ஆண்டுக்கு முன்பே சொல்லி, படிப்புக்கோ வேலைக்கோ மாறும் வழியையும் காட்ட வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு புதிய விளையாட்டரங்கு கட்டும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அரங்கு கண்ணுக்குத் தெரியும், கடிதம் தெரியாது. அதனால்தான் இது எளிதில் விவாதத்துக்கு வருவதில்லை.

எல்லாவற்றையும் அரசாங்கத்தின் தலையில் கட்டிவிடுவதும் சரியாகாது. பதக்கம் வென்றவரின் படத்தைத் தங்கள் விளம்பரத்தில் போட நிறுவனங்கள் முன்வருகின்றன. வெல்லாத ஒருவருக்கு வாரத்தில் மூன்று நாள் வேலையும், போட்டி மாதத்தில் விடுப்பும் கொடுக்க முன்வரும் நிறுவனங்கள் இன்னும் பெருக வேண்டும். ஒரு கணக்குப் பிரிவில் அரை நாள் வேலை பார்க்கும் நீச்சல் வீரருக்குச் சம்பளத்தைவிடப் பெரிய ஒன்று கிடைக்கிறது. நீச்சலுக்கு வெளியேயும் தமக்கு ஓரிடம் இருக்கிறது என்ற தெம்புதான் அது. தோற்ற நாளின் மறுநாள் காலையில் அந்தத் தெம்பு மிகவும் தேவைப்படும்.

பள்ளியின் பங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லா விளையாட்டு வீரர்களும் விளையாட்டுப் பள்ளியில் படிப்பதில்லை. சாதாரண உயர்நிலைப்பள்ளி ஒவ்வொன்றிலும் மாநில அளவிலோ தேசிய அளவிலோ போட்டியிடும் ஓரிருவர் இருக்கவே செய்வார்கள். அவர்கள் வகுப்பில் தூங்கி வழிவார்கள். குழுப்பணிக்கு வரமாட்டார்கள். சனிக்கிழமை படம் பார்க்கக் கூப்பிட்டால் பயிற்சி என்பார்கள். “உனக்கென்ன, பள்ளிக்கு வராவிட்டாலும் ஆசிரியர் திட்டமாட்டார்” என்று வகுப்புத் தோழர்கள் கேலி செய்வதும் உண்டு. கேலி செய்வோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த மாணவரும் அதே தேர்வை, அதே நாளில்தான் எழுதப்போகிறார். போட்டிக்காக வெளிநாட்டில் இருந்த பத்து நாளில் நடந்த பாடத்தை யாரேனும் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பினால் அவருக்கு அது பெரிய உதவி. குழுப்பணியில் அவருக்கு முன்கூட்டியே செய்து முடிக்கக்கூடிய ஒரு பகுதியைக் கொடுத்தால், அவரும் சுமையாக இருக்கமாட்டார்; மற்றவர்களும் முணுமுணுக்கமாட்டார்கள்.

ஆசிரியர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. எல்லாவற்றிலும் விலக்கு அளிப்பதை உதவி என்று சிலர் நினைக்கிறார்கள். அது உதவியன்று. பாடத்தில் விலக்கு மேல் விலக்கு வாங்கி, 18 வயதில் காயத்தால் ஓட்டமும் நின்றுபோன ஒருவருக்கு மிஞ்சுவது என்ன? காலக்கெடுவைத் தள்ளிக்கொடுப்பது நல்லது. வேலையையே தள்ளுபடி செய்வது அவருடைய எதிர்காலத்தில் கை வைப்பதாகும். ஜெகதீசனின் பேராசிரியர்கள், இவர் ஓடுகிறவர் என்பதற்காக உடற்கூற்றியல் தேர்வில் சலுகை காட்டியிருந்தால், அவரிடம் மருத்துவத்துக்குப் போகவே நோயாளிகள் அஞ்சியிருப்பார்கள்!

தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி 2027இல் மலேசியாவிலும் 2029இல் சிங்கப்பூரிலும் நடைபெற இருக்கிறது. 2015இல் சாந்தி 18 வயதில் ஓடியதுபோல், 2029இல் சொந்த மண்ணில் ஓடவும் நீந்தவும் போகிறவர்கள் சிலர் இப்போது உயர்நிலைப்பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய பெயர் இன்னும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அவர்களில் ஒருவருக்கு இந்த வாரம் பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டிருக்கலாம். நாளைப் பயிற்சிக்குப் போவதா வேண்டாமா என்று கேட்க, அவரிடம் யாருடைய தொலைபேசி எண் இருக்கிறது?